செவிக்கும் ஓர் இளைப்பாறுதல்

ஞாயிறு திருப்பலி முடிந்து, திருவுடைகளைக் களைந்து நாம் வெளியே வரும் வேளைதான் பங்கு மக்கள் தம் குறைகளை நம்மிடம் இறக்கி வைக்கும் வேளை. திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டுவோர் ஒருபுறம், மகளுக்கு வரன் விசாரிப்போர் மறுபுறம் என முற்றம் சிறிது நேரம் சந்தையைப் போல இருக்கும். கடந்த தவக்காலத்தில் ஒரு ஞாயிறன்று, அனைவரும் கலையும் வரை வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்றார் ஒரு பெரியவர். மல்லாங்கிணற்றிலிருந்து பேருந்தேறி வருபவர், அறுபதைக் கடந்தவர், அருப்புக்கோட்டை விசைத்தறிக் கூடங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்று நெய்தவர். தறிக்காரர் பலரையும் போல அவரும் உரத்த குரலில்தான் பேசுவார். அவர் இரகசியம் சொன்னாலும் தெருமுனை வரை கேட்கும்.

“சாமி, ஒரு தடவை வீட்டுக்கு வந்து எம் பையனைப் பாருங்க. புத்தி பேதலிச்சுப் போச்சோன்னு பயமா இருக்கு.”

“குடிக்கிறானா?” என்று கேட்டோம். பல ஆண்டுப் பழக்கத்தில் முதலில் வாயில் வரும் கேள்வி அது.

“குடிச்சாக்கூட இன்னதுன்னு சொல்லிரலாமே சாமி. ராத்திரி மில்லுக்குப் போயிட்டு வர்றான். பகல்ல கதவைச் சாத்திக்கிட்டு ஏதோ ஒரு சத்தத்தைப் போட்டுக் கேக்குறான். பாட்டும் இல்ல, மேளமும் இல்லையாம். ஒரே இழுவையா இழுக்குமாம். கரண்டு கம்பத்துல காதை வச்ச மாதிரி இருக்குன்னு அவுக அம்மா சொல்றா. என்கூடப் பேச்சு வார்த்தையே இல்ல. சொந்தக்காரங்க மந்திரிச்சுப் பாக்கலாம்ங்கிறாங்க.”

புதன்கிழமை வருவதாக வாக்களித்தோம். மந்திரிக்கும் பேச்சை அதுவரை ஒத்தி வைக்குமாறும் கேட்டுக்கொண்டோம்.

அன்பு வாசகர்களே, அந்தப் புதன்கிழமை நண்பகலில் நாம் எந்த மனநிலையோடு புறப்பட்டோம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். பெற்றோருக்குக் கீழ்ப்படிதல், நேரத்தின் அருமை, மனத்தைக் கெடுக்கும் மேனாட்டுக் கேளிக்கைகள் என மூன்று தலைப்புகளில் ஒரு முழுப் பிரசங்கத்தையே வழியில் ஆயத்தம் செய்துகொண்டோம். இருபுறமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. சீமைக் கருவேலம் மட்டுமே பச்சை. வானம் பார்த்த அந்தப் பூமியில் கண்ணுக்கு எட்டிய வரை ஆளரவம் இல்லை. எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணனும் கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியனும் பிறந்த ஊர் மல்லாங்கிணறு. சொல்லாட்சி மிக்கவர்களைத் தந்த அந்த மண்ணில், சொல்லே இல்லாத ஓசையைக் கேட்பதற்காக ஒருவன் மேல் பிராது கொண்டுவரப்பட்டிருந்தது.

வீட்டில் தாயார் மட்டும் இருந்தார். பெரியவர் கடைக்குப் போயிருந்தார். உள்ளறையில் மகன் எழுந்து நின்று வணங்கினான். இருபத்தைந்து வயது இருக்கும். நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்த கண்கள் சிவந்திருந்தன. அறையில் ஒரு மரக்கட்டில். அதன் தலைமாட்டுப் பலகையில் இரண்டு சிறு ஒலிப்பெட்டிகள். செல்போனிலிருந்து அவற்றுக்கு ஒரு கம்பி.

“அப்பா சொல்லி அனுப்பினாங்களா ஃபாதர்?” என்றான்.

“ஆம்” என்றோம். பிரசங்கத்தைத் தொடங்க வாய் திறந்தபோதுதான், குற்றம் யாதென்று அறியாமல் தீர்ப்புக் கூற வந்திருக்கிறோம் என்பது உறைத்தது. “நீ கேட்பதை நாமும் கேட்கலாமா?” என்றோம். வியப்போடு அவன் பொத்தானை அழுத்தினான்.

முதல் ஐந்து நிமிடம் நமக்குப் பெருந்துன்பம். தாழ்ந்த ஒலி ஒன்று எழுந்து, நெடுநேரம் நின்று, பிறிதொன்றில் கரைந்தது. இராகம் எது, தாளம் எது, பல்லவி எப்போது வரும் என்று நம் செவி தேடிக்கொண்டே இருந்தது. பேருந்து நிலையத்தில் புறப்படாமல் உறுமிக்கொண்டிருக்கும் வண்டியில் அமர்ந்திருப்பது போன்ற தவிப்பு. பத்தாம் நிமிடத்தில் தேடுவதை விட்டுவிட்டோம். அப்போது வேறு சில ஓசைகள் தென்பட்டன. கூரைமேல் காகம் நடப்பது, அடுக்களையில் தாயார் சுளகில் பயறு புடைப்பது, தெருவோர டிரான்ஸ்பார்மரின் முனகல், இவை யாவும் அந்த இசையோடு சேர்ந்துகொண்டன. இசை அவற்றை விரட்டவில்லை. இருபதாம் நிமிடத்தில் நடந்தது யாதென நமக்குத் தெரியாது. ஏனெனில் நாம் நாற்காலியில் சாய்ந்து உறங்கிவிட்டோம். அறிவுரை கூறச் சென்ற பங்குக் குரு குறட்டை விட்ட செய்தி அன்று மாலையே தெருவெங்கும் பரவியிருக்கும்!

விழித்தபோது அவன் சிரிக்கவில்லை. “எனக்கும் அப்படித்தான் ஃபாதர். இது இல்லாமத் தூக்கம் வராது” என்றான். பிறகு தணிந்த குரலில் சொன்னான்: “மில்லை விட்டு வந்த பிறகும் காதுக்குள்ள ஒரு சத்தம் நிக்காது. சுவர்க்கோழி கத்துற மாதிரி கீச்சுன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். வீடு அமைதியா இருந்தா இன்னும் கூடும். இதை மெல்லமா ஓடவிட்டா அது கொஞ்சம் பின்னால போயிரும். ரெண்டு வருசமா இருக்கு. வீட்டுல சொல்லல. சொன்னா வேலையை விடச் சொல்வாங்க. தங்கச்சி கல்யாணக் கடன் பாக்கி இருக்கு.”

மூன்று தலைப்புப் பிரசங்கமும் நம் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அவனுக்கு இந்த இசை எவ்வாறு அறிமுகமாயிற்று என்று கேட்டோம். உறக்கம் வராத ஒரு பகலில் செல்போனில் தேடியபோது அகப்பட்டதாம். தேடத் தேட அதன் வரலாறும் அவனுக்குத் தெரிந்திருந்தது. அன்று அவன் சொன்னதையும், பின்னர் நாம் படித்து அறிந்ததையும் சேர்த்து ஈண்டு எழுதுகிறோம். நம் குடும்பங்களில் இளைஞர் பலர் இத்தகைய இசையைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது இன்னதென்று பெற்றோர் அறிந்திருப்பது நன்று.

1975ஆம் ஆண்டு சனவரி மாதம், இலண்டன் மாநகரில் பிரையன் ஈனோ என்னும் இசைக்கலைஞரை ஒரு வாடகைக் கார் மோதிற்று. இவர் இப்ஸ்விச் நகரில் தெலசால் சபைத் துறவியர் நடத்திய பள்ளியில் பயின்றவர். தூத்துக்குடியில் பள்ளி நடத்தும் லசால் சகோதரர்கள் என்றால் நம் வாசகர்களுக்கு உடனே விளங்கும். எழுந்திருக்க இயலாமல் அவர் படுக்கையில் கிடந்தபோது, காண வந்த தோழி ஒருவர் ஹார்ப் எனப்படும் மேனாட்டு யாழின் இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்துச் சென்றார். அவர் போன பின்னர் பெரும்பாடு பட்டு அதனைச் சுழலவிட்டுப் படுத்தார் ஈனோ. ஒலி மிகவும் தணிந்திருந்தது. இரு ஒலிப்பெட்டிகளுள் ஒன்று பேசவேயில்லை. எழுந்து சரிசெய்ய உடலில் வலுவில்லை. வெளியே மழை. மழையின் ஓசைக்கு நடுவே யாழின் உரத்த நரம்பொலிகள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டன. இசை என்பது மேடையேறி நம்மை அழைக்க வேண்டியதில்லை, மழையைப் போலவும் மாலை வெளிச்சத்தைப் போலவும் அறையில் இருந்தாலே போதும் என்ற எண்ணம் அன்று அவருக்குத் தோன்றியதாம்.

1978இல் அவர் விமான நிலையங்களுக்கென ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். காத்திருக்கும் மனிதரின் பதற்றத்தைத் தணிப்பது அதன் நோக்கம். விரும்பினால் கூர்ந்து கேட்கலாம், விரும்பாவிடில் கவனியாமலும் இருக்கலாம். இரண்டுக்கும் இடம் தருவதே இவ்வகை இசையின் இலக்கணம் என்று அவர் வகுத்தார். சூழலிசை என்று இதனைத் தமிழில் சொல்லலாம். அது செய்யப்பட்ட விதமும் எளிது. பாடகியரின் குரலில் ஒரே ஒரு சுரத்தை நீளப் பாடச்செய்து ஒலிநாடாவில் பதிந்து, அந்நாடாவை வளையமாக ஒட்டிச் சுழலவிட்டார். ஒரு வளையம் 23½ வினாடிக்கு ஒருமுறை வரும். மற்றொன்று ஏறக்குறைய 26 வினாடிக்கு ஒருமுறை. இன்னொன்று ஏறக்குறைய 30 வினாடிக்கு ஒருமுறை. வளையங்கள் ஒரே நீளமில்லாமையால் அவை சந்திக்கும் முறை மாறிக்கொண்டே இருக்கும். மேய்ச்சலிலிருந்து திரும்பும் மாடுகளின் கழுத்து மணிகளைக் கேட்டிருக்கிறீர்களா? ஒவ்வொரு மணியும் தன்போக்கில் ஒலிக்கும். ஒருமுறை சேர்ந்து கேட்டவாறு மறுமுறை கேட்காது. எனினும் எல்லாம் சேர்ந்து ஒரே மாலைப்பொழுதாக இருக்கும். அதுபோலத்தான் இதுவும்.

“அப்படியானால் இது வெள்ளைக்காரர் சமாசாரந்தானே?” என்று கேட்டோம். அவன் தலையசைத்து மறுத்து, வேறொரு பதிவை ஓடவிட்டான். “இது நம்ம நாட்டுல செஞ்சது ஃபாதர். 1969லயே.”

இச்செய்தி நமக்குப் புதிது. அகமதாபாத்தில் 1961இல் தொடங்கப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், 1969ஆம் ஆண்டு இந்தியாவின் முதல் மின்னணு இசைக்கூடம் அமைந்தது. டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக்கலைஞர் வந்து, மூக் எனப்படும் ஒலியாக்கி இயந்திரத்தை நிறுவிக் கொடுத்தார். கம்பியையோ தோலையோ காற்றையோ கொண்டு ஒலியெழுப்பாமல், மின்னோட்டத்தின் அதிர்வையே ஒலியாக்கும் கருவி அது. கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே அமர்ந்து செய்த சோதனை இசைகள் 1972 வரை நாடாக்களில் பதிவாயின. ‘எனது பறவைகள்’ என்று பொருள்படும் தலைப்புடையது ஒன்று. 2001 என்னும் ஆண்டைத் தலைப்பில் தாங்கிய விண்கலப் பயணம் மற்றொன்று. அதன்பின் அந்த நாடாக்கள் நிறுவனத்தின் காப்பகத்தில் கேட்பாரற்றுக் கிடந்தன. பால் பர்காஸ் என்ற பிரித்தானியக் கலைஞர் அவற்றைக் கண்டெடுத்துச் செப்பனிட, 2023இல் இசைத்தட்டாக வெளிவந்தன. அரை நூற்றாண்டு உறக்கம்!

அந்தக் குழுவிலிருந்த கீதா சாராபாயைப் பற்றிய ஒரு செய்தி நம் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை. 1946ஆம் ஆண்டு அவர் நியூயார்க் சென்றபோது ஜான் கேஜ் என்ற இசையமைப்பாளரைச் சந்தித்தார். அவர் இவருக்கு மேனாட்டு இசை கற்பித்தார். இவர் அவருக்கு நம் நாட்டு இசையைக் கற்பித்தார். அந்நாளில் கேஜுக்கு மனக்கலக்கம் மிகுந்திருந்தது. இசை எதற்காக என்ற ஐயமும் எழுந்திருந்தது. உம் நாட்டில் இதற்கு விடை யாது என்று கேட்டாராம். மனத்தை அடக்கி அமைதியாக்கி, தெய்வத்தின் தூண்டுதலுக்கு அதனை ஏற்றதாக்குவதே இசையின் பயன் என்று தம் ஆசிரியர் தமக்குச் சொன்னதைக் கீதா சாராபாய் எடுத்துரைத்தார். அந்த விடை கேஜின் வாழ்வையே திருப்பியது. நம் பாடற்குழுவினர் ஒவ்வொரு முறையும் ஒலிவாங்கியைத் தொடுமுன் எண்ணிப் பார்க்கத்தக்க விடையன்றோ அது!

எண்ணிப் பார்த்தால், தம்பூராவின் சுருதியில் வளர்ந்தவர்களுக்கு இந்த இசை அந்நியமானதே அன்று. கச்சேரியில் பாடகர் வருமுன்பே தம்பூரா ஒலிக்கத் தொடங்குகிறது. அவர் மூச்சு வாங்கும்போதும் ஒலிக்கிறது. எவரும் அதற்கெனக் கைதட்டுவதில்லை. அது நின்றுவிட்டால் மட்டுமே அனைவரும் திரும்பிப் பார்ப்பார்கள். பாட்டை எடுத்துவிட்டுச் சுருதியை மட்டும் நிறுத்திக்கொண்டால் எப்படியோ, அப்படித்தான் அந்த அறையில் நாம் கேட்டது. செபமாலை சொல்லும் பாட்டிமாரைக் கவனியுங்கள். அருள்நிறை மந்திரம் ஐம்பது முறை ஒரே சீராகச் செல்கிறது. உள்ளமோ அதன்மேல் அமர்ந்து மறையுண்மையைத் தியானிக்கிறது. மாறாத ஒன்று அடியில் ஓடினால்தான் மனம் மேலே நிலைபெறும் போலும்.

இயந்திரத்தில் பிறந்த ஒலிக்கு உயிர் ஏது என்று சிலர் கேட்கலாம். நம் கோவில்களில் தலைமுறை தலைமுறையாக ஒலிக்கும் ஆர்மோனியமும் ஒருநாள் இதே கேள்வியைச் சந்தித்தது. நம் இசைக்கு ஒவ்வாத அந்நியக் கருவியென்று 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி அதற்குத் தடை விதித்திருந்தது. இன்று அதுவே நமக்குப் பாட்டனார் காலத்துக் கருவி! ஒலிவியே மெஸ்ஸியான் என்பவர் 1931 முதல் 1992இல் இறக்கும் வரை பாரிசு நகரின் தூய மூவொரு கடவுள் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர்; ஆழ்ந்த விசுவாசி. 1937இல் அந்நகரில் நிகழ்ந்த பொருட்காட்சியின் நீரூற்று விழாவுக்காக, மின்சாரத்தால் ஒலிக்கும் ஆறு கருவிகளுக்கென அவர் ஓர் இசை அமைத்தார். பின்னர் உலகப் போரில் செர்மானியரிடம் சிறைப்பட்டார். கைதிகளின் முகாமில் 1941 சனவரி 15ஆம் நாள் அவர் அரங்கேற்றிய நால்வர் இசையில், இயேசுவின் நித்தியத்தைப் புகழும் பகுதியொன்று வருகிறது. அது வேறன்று; மின்கருவிகளுக்கென அமைத்த அதே மெட்டுதான், குளிரில் நடுங்கும் கைதிகளிடையே செல்லோவிலும் பியானோவிலும் வழிபாடாக மாறியது. ஒலி எதிலிருந்து பிறந்தது என்பதைவிட, அது மனிதனை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதே கேட்கத்தக்க கேள்வி.

நிற்க. மல்லாங்கிணற்று வீட்டுக்குத் திரும்புவோம்.

நாம் பேசிக்கொண்டிருக்கையில் பெரியவர் கடையிலிருந்து வந்துவிட்டார். வாசற்படியில் நின்று, “என்ன சாமி, கேட்டீங்களா அந்தக் கூத்தை?” என்று உரக்க வினவினார். மகனின் முகம் சுருங்கிற்று. அறையை விட்டு எழப்போனவனை நாம் கையமர்த்தினோம். “நீர் அதைக் கேட்டிருக்கிறீரா ஐயா?” என்றோம். அவருக்கு நம் கேள்வி விளங்கவில்லை. உரத்துக் கேட்டோம். கதவு சாத்தியே இருப்பதால் தாம் கேட்டதில்லை என்றும், மனைவி சொல்லித்தான் தெரியும் என்றும் ஒப்புக்கொண்டார்.

கட்டிலில் அமருமாறு வேண்டினோம். மகன் ஒலியைச் சிறிதும் கூட்டவில்லை. பெரியவர் தலைமாட்டுப் பலகையில் கையூன்றி, பரிகாசமாகத் தலையைச் சாய்த்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய முகத்திலிருந்த பரிகாசம் மறைந்தது. பலகையின் மேலிருந்த உள்ளங்கையை எடுத்துப் பார்த்தார், மீண்டும் வைத்தார்.

“கேக்குதே!” என்றார்.

அந்த ஒரு சொல்லில் இருந்த வியப்பை எழுத்தில் கொண்டுவர நமக்கு ஆற்றலில்லை. வீட்டில் மனைவி பேசுவது பாதி புரிகிறது, பாதி புரிவதில்லை. தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பது வெறும் இரைச்சல். நம் பிரசங்கம்கூட (அதனால் அவருக்குப் பெரிய நட்டமில்லை) வாயசைப்புத்தான். இந்தத் தாழ்ந்த நெடிய ஒலியோ முழுமையாக அவரை எட்டிற்று. சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, வழக்கத்தைவிடத் தணிந்த குரலில் சொன்னார்:

“சாமி, தறிக்கூடத்துல நாங்க அத்தனை பேரும் நெய்ஞ்சுக்கிட்டிருக்கும்போது திடீர்னு கரண்டு போயிரும். எல்லாத் தறியும் நின்னுரும். கூலி போச்சேன்னு முதலாளியும் நாங்களும் வருத்தப்படுவோம். ஆனா அப்போ ஒரு அமைதி வரும் பாருங்க. அது மாதிரி இருக்கு இது.” பிறகு மெல்லச் சேர்த்துக்கொண்டார்: “அந்த அமைதியில காதுக்குள்ள ஒரு கீச்சுச் சத்தம் மட்டும் நிக்கும். இன்னிக்கு வரைக்கும் அது போகல. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.”

மகன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். தந்தைக்கு எதிரே வந்து குந்தி அமர்ந்து, அவர் தன் உதடுகளைப் பார்க்கும்படி முகத்தை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டான்: “உங்களுக்குமா அப்பா?”

அதற்கு மேல் அங்கே நமக்கு வேலை இருக்கவில்லை. தாயார் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு எழுந்தோம்.

இருவரும் மதுரையில் ஒரு காது மருத்துவரிடம் காட்டிக்கொண்டார்கள். நாமும் உடன் சென்றோம். அங்கே நாம் கற்றது நம் மாவட்டத்துத் தறிக்காரர், ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் அனைத்துக்கும் பயன்படும். நாள்தோறும் எட்டு மணி நேரம் 85 டெசிபெல் அளவுக்கு மேற்பட்ட ஓசையில் நிற்பவரின் செவிக்குத் தீங்கு நேரும். விசைத்தறிக் கூடத்தின் ஓசை அந்த அளவைத் தாண்டுவது இயல்பு. உட்செவியிலுள்ள நுண்ணிய உணர்மயிர்கள் மெல்ல மடிகின்றன. மடிந்தவை மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. முதலில் போவது உச்சமான கூர் ஒலிகளைக் கேட்கும் திறன். நம் பேச்சில் ச, த, க போன்ற வல்லெழுத்துகளைப் பிரித்தறிய உதவுபவை அவ்வொலிகளே. ஆதலால்தான் இவர்கள், “பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறீர்கள் என்பது புரியவில்லை” என்கிறார்கள். தாழ்ந்த ஒலிகள் நெடுநாள் தப்பிப் பிழைக்கின்றன. பெரியவருக்கு அந்த இசை கேட்டதன் காரணம் இதுவே. இழந்த கூர் ஒலியின் இடத்தில் சிலருக்குச் செவிக்குள்ளேயே ஒரு கீச்சொலி பிறந்துவிடுகிறது. அது பைத்தியமன்று, பேய்க்கோளாறுமன்று. மெல்லிய வேறோர் ஒலியை அருகில் ஓடவிடுவது அத்துன்பத்தைத் தணிக்கக் கையாளப்படும் வழிகளுள் ஒன்று. மகன் அறியாமலேயே தனக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தான். தணிந்த ஒலியாய் வைத்துக் கேட்டதனால் அது மருந்தாயிற்று. காதிலே மாட்டிக்கொண்டு உரக்கக் கேட்டிருந்தால் அதுவும் ஒரு தறியாகவே ஆகியிருக்கும்.

தந்தைக்கு இன்று காது மெஷின் பொருத்தப்பட்டிருக்கிறது. மகன் ஆலைக்குள் செல்லும்போது காதடைப்பான் அணிகிறான். உடன் வேலை செய்வோர் தொடக்கத்தில் கேலி செய்தார்களாம். அவனுடைய கீச்சொலி நீங்கிவிடவில்லை. நீங்கும் என்று மருத்துவர் உறுதி கூறவுமில்லை. இனி இழக்காமல் காப்பதே கைக்கு எட்டியது. கடன் அடையும் வரை ஆலை வேலையை விடுவதற்கில்லை என்பதும் அப்படியேதான் இருக்கிறது.

இறுதியாக நம்மைப் பற்றியும் ஒரு சொல். அந்தப் புதன்கிழமை மாலை நம் இல்லத்துக்குத் திரும்பியதும் முதலில் கண்ணில் பட்டது, கோவில் கோபுரத்தில் நாற்றிசையும் வாய் பிளந்து நிற்கும் கூம்பு ஒலிபெருக்கிகள். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டிலிருந்து நாட்டின் விதி. ஆயினும் காலை ஐந்து மணிக்கே பக்திப் பாடல் போட்டு ஊரை எழுப்புவதை நாம் இறைப்பணி என்று எண்ணியிருந்தோம். இரவு ஷிப்ட் முடிந்து வந்து கண்ணயரும் தொழிலாளி எத்தனை பேர், நோயாளிகள் எத்தனை பேர் என்று ஒருநாளும் கேட்டதில்லை. குருமடத்தில் இரவு செபத்துக்குப் பின் காலை வரை பேரமைதி காத்துப் பழகியவர்கள் நாம். வழிபாட்டின்போது உரிய நேரங்களில் திருமௌனம் காக்கவேண்டும் என்று 1963இல் சங்கம் விதித்ததையும் பயின்றவர்கள். அருகிலுள்ள திருச்சுழியில் 1879இல் பிறந்த இரமண மகரிஷி மௌனத்தையே உபதேசமாகக் கொண்டவர் என்பதும் நாம் அறியாததன்று. ஓரேபு மலையில் எலியா இறைவாக்கினர் புயலிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் காணாத ஆண்டவரை எங்கே கண்டுகொண்டார் என்று எத்தனையோ முறை பிரசங்கித்தும் இருக்கிறோம். உரக்கப் பிரசங்கித்தோம்!

அன்று முதல் ஐந்து மணிப் பாடலை நிறுத்திவிட்டோம். கோவில் மணி மட்டும் உரிய நேரத்தில் ஒலிக்கிறது. பங்குப் பேரவையில் சிலருக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. பக்தி குறைந்துவிட்டது என்கிறார்கள். பொறுத்திருந்து பார்ப்போம் என்றோம்.

சென்ற மாதம் வீடு மந்திரிக்க அத்தெருவுக்குப் போயிருந்தோம். வெயில் தாழ்ந்த நேரம். அவ்வீட்டு உள்ளறைக் கதவு திறந்தே கிடந்தது. மகன் சுவரோரம் பாயில் உறங்கிக்கொண்டிருந்தான். தந்தையார் மரக்கட்டிலில் அமர்ந்து, பலகையில் உள்ளங்கையை வைத்திருந்தார். நம்மைக் கண்டதும் எழவில்லை. விரலை உதட்டின்மேல் வைத்து, “பையன் தூங்குறான் சாமி” என்றார்.

எத்தனையோ ஆண்டுகளாக அவரை அறிவோம். அவர் மெதுவாகப் பேசி நாம் கேட்டது அன்றுதான்.